கணக்கேடும் கூட்டமும்: நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில் பிறந்து வளர்ந்த வரலாறு



எஸ்.பி.எம். தேர்வை எழுதி முடித்த பிள்ளையொன்று, ‘நான் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஆகப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லுமானால் என்ன நிகழும்? ‘பந்தல் போடுவதும் பலூன் கட்டுவதும் ஒரு தொழிலா?’ என்று தந்தையார் வினவுவார். ‘ஊரார் விழாக் கொண்டாடும் நாளிலெல்லாம் நீ வேலைக்கு ஓடுவாயே’ என்று தாயார் வருந்துவார். பிள்ளையின் கண்ணுக்கோ வண்ண விளக்கும் பெரிய மேடையும் மட்டுமே தெரியும். விழா நடைபெறும் அந்த ஒரு நாளே தொழில் என்று இரு தரப்பாரும் எண்ணிக்கொண்டு வழக்காடுகின்றனர்.

ஒரு தொழிலின் உண்மையான உழைப்பு எங்கே இருக்கிறது என்பதை அறிய, அது பிறந்த வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்ல வழி. இத்தொழிலுக்கு அடித்தளம் இட்டோரில் எவரும் அதனைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். ஒருவர் ஆவணக் காப்பாளர், ஒருவர் தோட்டக்காரர், ஒருவர் செய்தியாளர், ஒருவர் பயண நிறுவனம் நடத்தியவர். வருவோரின் நிலையில் தம்மை வைத்துப் பார்ப்பதும், எதனையும் முன்கூட்டியே சோதிப்பதும், ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைப்பதுமே அவர்களுக்குப் பொதுவாக அமைந்திருந்த பண்புகள். இப்பண்புகளைப் பள்ளியிலேயே பயிற்றுவிக்க முடியும் என்பதனால்தான் இக்கட்டுரையை ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் எழுதுகிறேன்.

புகாரில் முழங்கிய முரசு

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதைக்கு விழாவறை காதை என்பதே பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடைபெறும் இந்திர விழாவை ஊரார்க்கு அறிவிப்பதே அக்காதையின் செய்தி. முதலில் சான்றோர் கூடி விழாவை நடத்துவதென முடிவு செய்கின்றனர். பின்னர் யானையின் பிடரியில் முரசினை ஏற்றி ஊரெங்கும் அறிவிக்கின்றனர். அவ்வறிவிப்பில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்ப வேண்டும். வாழையும் கரும்பும் கமுகும் நட வேண்டும். கொடிகள் ஏற்ற வேண்டும். அறிஞர் வாதிடுவதற்குரிய மண்டபத்தில் அமர வேண்டும். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளலாகாது.

முடிவெடுத்தல், அறிவித்தல், தூய்மை, அலங்காரம், அவரவர்க்கு உரிய இடம், கூட்ட ஒழுங்கு என இன்றைய ஏற்பாட்டாளரின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. வள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் பணம், சாதனம், நேரம், செய்யும் முறை, இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ஆயினும், அக்காலத்தில் விழா என்பது அரசனும் ஊரும் கோயிலும் சேர்ந்து ஆற்றிய கடமையாக இருந்தது. அது தனியொரு தொழிலாக உருவெடுக்க இயந்திரக் காலம் வரவேண்டியிருந்தது.

1851: ஆவணக் காப்பாளரும் தோட்டக்காரரும்

1851ஆம் ஆண்டு மே முதல் நாளன்று இலண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா அரசியார் ஒரு மாபெரும் கண்காட்சியைத் திறந்துவைத்தார். பல நாடுகளின் தொழிற்பொருள்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் அங்கு வைக்கப்பட்டன. அக்டோபரில் அது நிறைவுறும்வரை 60 லட்சத்திற்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அரசியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இதற்கான அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றிருந்தார். உடன் நின்று இம்முயற்சியை இயக்கியவர்களுள் முதன்மையானவர் ஹென்றி கோல். அவர் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவர். கோப்புகளை ஒழுங்குபடுத்துவதில் கைதேர்ந்தவர்.

கண்காட்சிக் கட்டடத்திற்கு வந்த 200க்கும் மேற்பட்ட வரைவுகளும் ஏற்கப்படவில்லை. இறுதியில் ஜோசப் பாக்ஸ்டன் என்பவரின் கண்ணாடி மாளிகைத் திட்டம் தேர்வு பெற்றது. பாக்ஸ்டன் ஒரு பிரபுவின் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டிக் கட்டி அனுபவம் பெற்றவர். 1848 அடி நீளமுள்ள அம்மாளிகை ஓராண்டிற்கும் குறைந்த காலத்தில் எழுந்தது. பூங்காவில் இருந்த பெரிய மரங்களை வெட்டாமல், அவை உள்ளேயே நிற்குமாறு கூரையை உயர்த்திக் கட்டினார்கள்.

மாடித்தளங்கள் கூட்டத்தின் எடையைத் தாங்குமா என்னும் ஐயம் எழுந்தபோது அவர்கள் செய்தது கவனத்திற்குரியது. முதலில் தொழிலாளர்களை அத்தளத்தில் நெருக்கமாக நிற்க வைத்தனர். பிறகு குதிக்க வைத்தனர். அதன் பின் படைவீரர்களை ஒரே சீராக நடைபோட வைத்தனர். பீரங்கிக் குண்டுகள் ஏற்றிய தட்டங்களை உருட்டியும் பார்த்தனர். மக்கள் உள்ளே வருவதற்கு முன்பே இத்தனையும் நடந்து முடிந்தன.

நுழைவுச்சீட்டிலும் அவர்களின் திட்டம் நுட்பமானது. தொடக்கத்தில் கட்டணம் உயர்வாக இருந்தது. மே இறுதியிலிருந்து திங்கள் முதல் வியாழன் வரை ஒரு ஷில்லிங் மட்டுமே. ஏழை மக்கள் திரண்டு வந்தால் கலகம் மூளும் என்று செல்வர் பலர் அஞ்சினர். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. வந்தோரில் பெரும்பாலோர் ஒரு ஷில்லிங் நாள்களில் வந்தவர்களே. தாமஸ் குக் என்னும் பயண ஏற்பாட்டாளர் மட்டுமே ஒன்றரை லட்சம் பேரை இரயிலில் அழைத்து வந்தார். ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்னும் குழாய்ப் பணி வல்லுநர் அங்கே கழிப்பறைகளை அமைத்தார். ஒரு பென்னி கொடுத்து அவற்றைப் பயன்படுத்தியோர் 8 லட்சத்திற்கும் மேல். வருபவருக்கு வேண்டியது என்ன என்று எண்ணிப் பார்ப்பதில் கழிப்பறையும் அடங்கும் என்பதை நம் பள்ளி விழாக் குழுக்களும் மறக்கலாகாது!

செலவு போக 1,86,000 பவுண்டு எஞ்சியது. அப்பணத்தில் தென் கென்சிங்டன் பகுதியில் நிலம் வாங்கப்பட்டது. இன்று அங்கே அருங்காட்சியகங்களும் கல்வி நிலையங்களும் நிற்கின்றன. அந்நிதியிலிருந்து ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டு வருகிறது. 1895இல் நியூசிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜ் சென்ற எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு அவ்வுதவித்தொகையைப் பெற்றவரே. ஒரு கண்காட்சியின் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டதன் பயன், 44 ஆண்டுகள் கழித்து ஓர் அறிவியல் மேதையின் கல்விக்குக் கைகொடுத்தது.

1896: ஒரே ஆண்டில் இரு பாடங்கள்

1896ஆம் ஆண்டு இத்தொழிலின் வரலாற்றில் ஒரு நம்பிக்கையையும் ஒரு பெருந்துயரையும் பதித்துச் சென்றது.

நம்பிக்கை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தது. மில்டன் கார்மைக்கேல் என்னும் செய்தியாளர் நாளிதழில் ஒரு கருத்தை எழுதினார். மாநாடுகளுக்கு வெளியூரிலிருந்து வருவோர் விடுதியில் தங்குகின்றனர், கடைகளில் பொருள் வாங்குகின்றனர். இத்தகைய மாநாடுகளைத் தேடிச் சென்று நம் நகருக்கு அழைத்து வர ஒரு நிலையான அமைப்பு ஏன் இருக்கலாகாது என்பதே அக்கருத்து. விடுதி உரிமையாளர்களும் வணிகர்களும் ஒன்றுகூடி அவ்வாறே ஓர் அமைப்பை உருவாக்கினர். நகரங்கள் மாநாடுகளுக்குப் போட்டியிடும் இன்றைய வழக்கத்திற்கு அதுவே வித்து. நம் நாட்டில் 2009இல் அமைக்கப்பட்ட மலேசிய மாநாட்டு, கண்காட்சிப் பணியகமும் அதே எண்ணத்தின் வழிவந்ததே.

துயரம் மாஸ்கோவில் நிகழ்ந்தது. இரண்டாம் நிக்கோலாஸ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, இன்றைய நாள்காட்டிப்படி மே 30ஆம் நாள், கோடின்கா திடலில் பொதுமக்களுக்கு ரொட்டி, இனிப்பு, நினைவுக் குவளை முதலிய பரிசுகள் வழங்க ஏற்பாடாகியிருந்தது. அத்திடல் படைப்பயிற்சிக்குப் பயன்பட்டது. எங்கும் குழிகளும் பள்ளங்களும் இருந்தன. அவை முறையாக மூடப்படவில்லை. விடியுமுன்பே ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் குழுமிவிட்டனர். பரிசுகள் எல்லார்க்கும் போதாதாம் என்னும் வதந்தி பரவியது. கூட்டம் முன்னே பாய்ந்தது. நெரிசலில் மாண்டோர் 1389 பேர் என அரசாங்கக் கணக்கே சொல்கிறது.

இலண்டனில் தளத்தின் மீது படைவீரரை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். மாஸ்கோவில் திடலின் குழிகளைக்கூட ஒழுங்காக மூடவில்லை. இத்தொழிலில் இருப்பவரின் கையில் பிறர் உயிர் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் ஒரு குறுகிய சந்தில் இளைஞர் கூட்டம் நெருங்கியதில் 159 உயிர்கள் பறிபோயின. அக்கொண்டாட்டத்திற்குத் தனியொரு ஏற்பாட்டாளர் இல்லை. ஒரு லட்சம் பேர் திரளக்கூடிய இரவில், எவ்வழியே வருவது, எவ்வழியே போவது என்று திட்டமிட வேண்டிய பொறுப்பை எவரும் ஏற்றிருக்கவில்லை.

1972 முதல் 1987 வரை: தொழில் தன் பெயரைப் பெற்றது

1972இல் அமெரிக்காவின் டிஸ்னிலாந்து பூங்காவில் மின்விளக்கு ஊர்வலம் ஒன்று தொடங்கப்பட்டது. மாலையானதும் மக்கள் வீடு திரும்பிவிடுகிறார்களே என்னும் குறைக்கு, அங்கு கேளிக்கைப் பிரிவை நடத்திய ராபர்ட் ஜானி கண்ட விடையே அது என்பர். விளக்கூர்வலத்தைக் காண மக்கள் இரவுவரை காத்திருக்கத் தொடங்கினர். தாம் செய்யும் பணியைச் சிறப்பு நிகழ்ச்சி என்று அவர் பெயரிட்டு அழைத்ததிலிருந்தே அச்சொல் இத்துறையில் வழங்கலாயிற்று என்றும் கூறுவர்.

அதன்பின் ஒலிம்பிக் போட்டிகள் ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்தன. 1976இல் மொன்ட்ரியால் நகரம் ஒலிம்பிக்கை நடத்திப் பெருங்கடனில் மூழ்கியது. அக்கடன் 2006இல்தான், அதாவது 30 ஆண்டுகள் கழித்தே, அடைபட்டது. ஆகவே 1984ஆம் ஆண்டுப் போட்டியை நடத்த முன்வந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரம், நட்டத்தைத் தான் ஏற்க இயலாது என்று கூறிவிட்டது. பொறுப்பேற்ற பீட்டர் யூபராத், பயண நிறுவனம் ஒன்றைச் சிறியதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்த்தவர். அவர் புதிய முதன்மை அரங்கு கட்டவில்லை. 1932இல் ஒலிம்பிக் நடந்த பழைய அரங்கையே பயன்படுத்தினார். வீரர்களைப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் தங்க வைத்தார். விளம்பர ஆதரவாளர் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொருவரிடமிருந்தும் பெறும் தொகையை உயர்த்தினார். ஏறத்தாழ 29 ஆயிரம் தொண்டர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தினார். முடிவில் 20 கோடி டாலருக்கும் மேல் எஞ்சியது. அதில் ஒரு பகுதி இளையோர் விளையாட்டுக்கென அறநிதியாகி, இன்றளவும் பயன்படுகிறது.

1987இல் அமெரிக்காவில் இத்தொழிலில் இருப்போருக்கென அனைத்துலகச் சங்கம் ஒன்று தோன்றியது. பிறகு பல்கலைக்கழகங்கள் சான்றிதழ்ப் படிப்பையும் பட்டப்படிப்பையும் தொடங்கின. தொழில் முன்னே நடக்க, படிப்பு அதன் பின்னே வந்தது என்பதை நினைவிற்கொள்க.

நம் மண்ணில்

நம் நாட்டுத் தமிழர்க்கு இப்பயிற்சிக்களம் நெடுநாளாகவே உண்டு. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. காவடி செல்லும் வழி, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், முதலுதவி, காணாமற்போன பிள்ளைகள், குப்பை அகற்றல் என அங்கு நடைபெறும் பணிகளை ஒரு தொண்டராக நின்று கற்றவர், எந்தக் கூட்டத்தைக் கண்டும் அஞ்சமாட்டார்.

மற்றொரு சான்று 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. ஈராண்டும் மூன்று மாதமுமே கழிந்த நிலையில், அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயக அடிகளார், பல நாட்டு அறிஞர்களை நம் தலைநகரில் ஒன்றுகூட்டினார். மின்னஞ்சல் இல்லாத காலம் அது! மாநாட்டுடன் அவர்தம் குழுவின் பணி ஓய்ந்துவிடவில்லை. படிக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரு தொகுதிகளாக அச்சில் வந்தன. இன்றும் ஆய்வாளர்கள் அவற்றை எடுத்தாள்கின்றனர். மேடை கலைந்த பிறகும் தொடரும் வேலையே ஒரு மாநாட்டை வரலாறாக்குகிறது.

1985இல் புத்ரா உலக வாணிப மையம், 1998இல் ஆசியாவிலேயே முதன்முறையாக நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி, 2005இல் கோலாலம்பூர் மாநாட்டு மையம் என்று நம் நாட்டில் இத்துறை படிப்படியாக விரிந்தது. அதே துறை 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது ஒரே நாளில் அடங்கிப்போனது. திருமணமும் இல்லை, மாநாடும் இல்லை, இசை நிகழ்ச்சியும் இல்லை. நாட்கூலிக்கு ஒலி, ஒளி அமைத்தோர் முதலில் வருமானம் இழந்தனர். வருவாய் ஏறி இறங்கும் தொழில் இது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படியானால் தொடங்குவது எப்படி?

வரலாறு காட்டும் வழியை வைத்தே சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, பள்ளியிலேயே தொடங்கலாம். நம் பள்ளிகளில் பரிசளிப்பு விழாவும் பொங்கல் விழாவும் விளையாட்டுப் போட்டியும் ஆண்டுதோறும் நடக்கின்றன. மாணவர்க்கு நாம் தருவது பெரும்பாலும் ஆடலும் பாடலும் வரவேற்புரையும்தான். திட்டமும் செலவும் ஆசிரியர் அறையிலேயே முடிந்துவிடுகின்றன. ஆறாம் ஆண்டு மாணவர் இருவரிடம் நிமிட அட்டவணையைக் கொடுத்து, எந்த அங்கம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். உணவு வாங்க வரிசை எவ்வளவு நேரம் நின்றது என்று ஒருவர் பார்க்கட்டும். திட்டமிட்ட செலவையும் உண்மைச் செலவையும் மற்றொருவர் அருகருகே எழுதட்டும்.

இரண்டாவது, இடைநிலைப்பள்ளிப் பருவத்தில் தொண்டராக நிற்பது. கோயில் திருவிழா, இளைஞர் இயக்க முகாம், நூல் வெளியீடு எதுவாயினும் சரி. ஒவ்வொன்றின் முடிவிலும் திட்டம், செலவு, படங்கள், எது தவறியது, ஏன் தவறியது என்பவற்றை ஒரு கோப்பில் தொகுக்க வேண்டும். இத்தகைய மூன்று கோப்புகள், வேலைக்கு நேர்முகம் செல்லும்போது வெறும் சான்றிதழைவிட உரக்கப் பேசும்.

மூன்றாவது, மேற்படிப்பு. நிகழ்ச்சி மேலாண்மைப் பட்டயமும் பட்டமும் இன்று உள்ளன. கணக்கியல், சுற்றுலா, விருந்தோம்பல், ஊடகத்துறை படித்தோரும் இதில் நுழையலாம். எதைப் படித்தாலும் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றிலும் பிழையின்றிக் கடிதம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சி மன்றம், காவல்துறை, தீயணைப்பு மீட்புத்துறை முதலியவற்றுடன் கடிதத் தொடர்பு கொள்வது இத்தொழிலின் அன்றாட வேலை.

நான்காவது, சொந்தமாகத் தொடங்குமுன் ஓரிரு ஆண்டு பிறரிடம் பணியாற்ற வேண்டும். பதிவு மேசையிலும் பின்மேடையிலும் நின்று கற்றவை பிறகு கைகொடுக்கும். தொழிலைப் பதிவு செய்த பின், எழுத்து ஒப்பந்தம் இன்றி எந்த வேலையையும் ஏற்கலாகாது. ஒரு வாடிக்கையாளர் தந்த முன்பணத்தை மற்றொருவர் விழாவிற்குச் செலவிடலாகாது. இப்பழக்கம் ஒன்றே நன்றாக ஓடிய தொழிலையும் கவிழ்த்துவிடும். எதிர்பாராச் செலவுக்கென ஒரு பகுதியை ஒதுக்குவதும், பொதுமக்கள் பாதுகாப்பிற்குக் காப்புறுதி எடுப்பதும் கட்டாயம்.

ஐந்தாவது, இடத்தை நேரில் நடந்து பார்ப்பது. அவசர வழி திறக்கிறதா, மின்கம்பி எங்கே செல்கிறது, சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வழி வருவார், மழை வந்தால் மக்கள் எங்கே ஒதுங்குவர் என்பவற்றைக் கண்ணால் காணாமல் மண்டபத்திற்குப் பணம் கட்டலாகாது. கோடின்கா திடலை எவரேனும் அந்த எண்ணத்தோடு ஒருமுறை சுற்றி வந்திருந்தால் அத்தனை உயிர்கள் போயிருக்கமாட்டா.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தொழிலை விரும்பினால் உடனே மறுக்க வேண்டா. உடனே தலையசைக்கவும் வேண்டா. வீட்டில் அடுத்து வரும் பிறந்தநாளையோ காதணி விழாவையோ பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். தொகையைச் சொல்லி, அழைப்பிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவும்வரை கணக்கெழுதச் சொல்லுங்கள். விருந்தினர் சென்ற பின்னர், களைத்த நிலையிலும் பிள்ளை அமர்ந்து வரவு செலவை முடித்து உங்களிடம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஆசிரியர்களே, வரும் பொங்கல் விழாவிற்குப் பேச்சாளரையும் ஆடுவோரையும் தேர்ந்தெடுக்கும் அதே நாளில், கணக்கேட்டை ஏற்கும் மாணவர் ஒருவரையும் தேர்ந்தெடுங்கள். விழா முடிந்து அறிக்கை வாசிக்கும்போது அவர் பெயரையும் சேர்த்து வாசியுங்கள்.